கறுப்பு டேப் ஒட்டிய லென்ஸ்

மனைவிக்குத் தெரியாமல் எதையாவது வாங்கி வைக்கிற கணவன்மார் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் கல்யாணப் படம் எடுக்கிற ஒரு மனுஷர், அந்தப் படங்களை உட்கார்ந்து சரிசெய்கிற மனைவிக்கே தெரியாமல் புது லென்ஸ் வாங்கினார் என்றால் அவரை என்ன சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்கூட, அதைச் சோறு போடுகிறவள் கையிலேயே கொடுத்து மறைக்கச் சொல்ல மாட்டார்.

தெருவில் அவரைப் போட்டோக்காரர் என்பார்கள், அவளைப் போட்டோக்காரர் வீட்டம்மா என்பார்கள். இதில் அவளுக்கு நெடுநாள் வருத்தம். எடுப்பது அவர்தான். ஆனால் எடுத்ததில் பாதியைக் கழித்து, மீதியில் வெளிச்சம் கூட்டி, மாப்பிள்ளை மூக்கின் வியர்வையைத் துடைத்து ஆல்பமாக்குவது அவளல்லவா? பின்னறையில், திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால்தான் அவள் பகலெல்லாம் கழிந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை மாற்றச் சேர்த்து வைத்திருந்ததுதான் லென்ஸாகிவிட்டது. லென்ஸின் மேல் மின்னிய வளையத்தையும் பெயரையும் அவர் கறுப்பு டேப்பால் சுற்றி மூடியிருந்தார்.

"பழசுதான். பிடி லூசாயிடுச்சு, அதான் டேப்," என்றார், யாரும் கேட்காமலே.

கேட்காத கேள்விக்குப் பதில் வந்தபோதே அவளுக்குச் சந்தேகம். மறுநாள் படங்களைத் திறந்தாள். ஒவ்வொரு படத்தோடும் அதன் ஜாதகம் சேர்ந்தே வரும்: என்ன தேதி, எத்தனை மணி, எந்த லென்ஸ். அந்தப் பெயரைத் தேடி விலையைப் பார்த்தவள் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். எட்டு மாத வீட்டு வாடகை, வரி தனி.

அவள் கேட்கவில்லை. பதினான்கு வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய் இது. தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். பணம் போனதைவிட, தன்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாரே என்பதுதான் அவளுக்கு வலித்தது. அதேசமயம் தொழில்காரி புத்தி சும்மா இருக்குமா? பழைய லென்ஸில் எடுத்ததையும் புதியதில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெயிலில் எடுத்த குரூப் போட்டோவில் அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் அவள் தங்கைக்குக் கல்யாணம். போட்டோக்காரர் அன்று முழுக்கப் புது லென்ஸைக் கண் அகலத் திறந்து வைத்தே எடுத்தார். அப்படி எடுத்தால் பெண்ணின் இமை முடிகூடத் தனித்தனியாகத் தெரியும். ஒரு முழம் பின்னால் இருப்பதெல்லாம் பனிமூட்டம். கொடுத்த விலைக்கு மூட்டத்தையாவது ஆசைதீரப் பார்க்க வேண்டாமா?

கல்யாணம் முடிந்து மூன்று வாரத்தில், அவர்களோடேயே இருந்த அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். கை கால் தப்பியது. முகத்தின் இடது பாதி மட்டும் தொங்கிவிட்டது, பேச்சும் குழறியது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

முகப் பயிற்சி சொல்லித்தர வரும் பெண் ஒரு நாள் காலை அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்பா ஒத்துழைக்க மாட்டேங்கிறாருக்கா. இந்த ரெண்டு மாசத்தை விட்டுட்டா அப்புறம் கஷ்டம். அவரு வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி தெளிவா ஒரு படம் கொண்டாங்க. சிரிச்சா தன் முகம் எப்படிப் போகும்னு அவரு பார்க்கணும். பார்த்தா மனசு வரும்."

போட்டோக்காரர் வீட்டில் படத்துக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தவள், மாலைவரை தேடினாள். ஒருமுறை சடன் பிரேக் போட்டதில் அப்பாவுக்கு முன்பல் இரண்டு போயிருந்தது. அன்றிலிருந்து கேமராவைக் கண்டால், செல்போனைக் கண்டால்கூட, வாய் பூட்டிக்கொள்ளும். எல்லா ஆல்பத்திலும் லைசென்ஸில் இருக்கிற அதே முகம். தன்னை மறந்து அவர் சிரித்த ஒரே நாள் தங்கையின் கல்யாணம். அன்று முப்பத்தேழு படங்களில் அப்பா மேடையில் தங்கைக்குப் பின்னால் நின்று சிரிக்கிறார். முப்பத்தேழிலும் மூட்டத்துக்குள் நிற்கிறார்.

முகத்தைத் தீட்டித் தரும் சாஃப்ட்வேர் ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். அது தன் சாமர்த்தியத்தில் அப்பாவுக்கு முப்பத்திரண்டு பல்லும் வைத்து, யாரோ ஒரு பேங்க் மேனேஜரை உட்கார்த்தித் தந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

வேலை முடித்துப் பையோடு உள்ளே வந்த கணவரை அவள் செருப்புக் கழற்றக்கூட விடவில்லை.

"என்னங்க, இங்க வாங்க. இது யாரு?"

"மாமா."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"சட்டையை வச்சு."

"அதான். சட்டை இருக்கு, எங்கப்பா இல்ல. எட்டு மாச வாடகையைக் குடுத்து எங்கப்பாவை அழிச்சிட்டு வந்திருக்கீங்க."

அவர் காதைச் சொறிந்தார். "உனக்கு எப்போ தெரியும்?"

"வாங்கின மறுநாளே. டேப்பு லென்ஸுக்குத்தான ஒட்டுனீங்க? ஃபைலுக்கு ஒட்டலையே!"

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். இப்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாங்கச் சொல்லியிருப்பேன்ல?"

"சொல்லியிருக்க மாட்டே."

"சரி, சண்டை போட்டிருப்பேன். ஒரு வாரம் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் வாங்கச் சொல்லியிருப்பேன்."

பயிற்சிப் பெண் கேட்டதை அழுகையின் நடுவே சொன்னாள். அவர் பையைத் திறந்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன மெமரி கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுல ஒரு படம் இருக்கு. காட்டினா எதுக்கு இந்தச் சிரிப்புன்னு கேட்பே, மாட்டிக்குவேன்னு ஒளிச்சு வச்சிருந்தேன்."

கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி யோசித்து யோசித்துத் திறந்தது. அப்பாவின் அறை. ஜன்னலோரக் கட்டிலில் பனியனோடு அப்பா. தலை பின்னால் சாய்ந்து, வாய் முழுக்கத் திறந்து, இரண்டு பல் இடைவெளியும் பளிச்சென்று தெரிய, கண்ணோரம் நீர் தளும்ப, ஒரு சிரிப்பு. மூன்று நாள் தாடியை எண்ணி எடுக்கலாம். ஜாதகத்தைப் பார்த்தாள். லென்ஸ் வாங்கிய அன்றைய தேதி, மாலை ஆறே முக்கால்.

"கடையிலேர்ந்து நேரா மாமாகிட்டதான் போனேன். யார்கிட்டயாவது சொல்லணும்ல? விலையைச் சொன்னேன். 'மாப்ள, இந்தக் காசுக்கு ஓடுற கண்டிஷன்ல ஒரு பஸ்ஸே வாங்கலாமே! அதுல நாலு பேரு ஏறியாவது போவாங்களே!'ன்னு சிரிச்சாரு பாரு, அப்படியே அழுத்திட்டேன். 'பாப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிடுங்க'ன்னாரு."

"கூட்டுக் களவாணிங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்பா இத்தனை நாள் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் இருந்திருக்கிறார்.

அந்த நேரத்து மங்கிய வெளிச்சத்தில் பழைய லென்ஸ் ஒரு கறுப்பு உருவத்தைத்தான் தந்திருக்கும். ஃபிளாஷ் அடித்திருந்தால் அப்பா வாயை மூடியிருப்பார். அவளுக்குள் இருந்த வக்கீல் காகிதங்களை மடித்துக்கொண்டு எழுந்து போனார். பழக்கதோஷத்தில் மவுஸ் அந்தப் பல் இடைவெளிக்குப் போனது. அவள் கையை எடுத்துவிட்டாள். ஒன்றையும் திருத்தாமல் அப்படியே பிரிண்ட் போட்டாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் அப்பாவின் அறையில் இருந்தார்கள். அவள் கண்ணாடியை முன்பக்கம் திருப்பினாள். படத்தை அதன் ஓரத்தில் ஒட்ட எதுவும் இல்லாமல் தேட, போட்டோக்காரர் லென்ஸின் மேலிருந்த கறுப்பு டேப்பை உரித்து நீட்டினார். வளையம் வெளியே மின்னியது.

அப்பா படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அவள் பயந்தாள். அவர் மருமகன் பக்கம் திரும்பி, "எ... எவ்ளோ மாப்ள?" என்று குழறினார்.

போட்டோக்காரர் விலையைச் சொன்னார்.

அப்பாவின் வலது பாதி வாய் மேலே ஏறியது. இடது பாதி அசையவில்லை. இல்லை, அசைந்தது. உதட்டோரத்தில் ஒரு நூலளவு. ஊரார் முகத்தையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தே காலம் தள்ளியவள் அவள். அவள் கண் தப்புமா?

அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். "இந்தத் தடவை வரியையும் சேர்த்துச் சொல்லுங்க."