கூரைக் கண்ணாடியின் இரண்டாவது எண்

1

இந்தக் கதை ஒரு கண்ணாடிக் கம்பெனியின் விவரத்தாளில் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைவிட வறண்ட பிறப்பு ஒரு கதைக்குக் கிடைக்காது. என் தங்கை வீட்டு நடு அறைக்குக் கூரையில் ஸ்கைலைட் கண்ணாடி போட்டார்கள், அவள் பிழைப்பு போயிற்று. கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பழியை யார் தலையில் கட்டுவது என்கிற வேலை.

2

முதல் தொடக்கம்: ‘லிப்ட் மெக்கானிக்குக்குக் கண்ணாடியைப் பற்றி என்ன தெரியும்?’

மெக்கானிக் என்பவர் தங்கையின் கணவர். வாக்கியம் வாகாக வந்து விழுந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்தேன். அடித்ததை மறுபடி எழுதினேன். [இன்னும் எடுக்க மனம் வரவில்லை.]

3

அவள் பதினெட்டு வருடமாக வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரை உயர்த்தியதில் அவள் வேலை பார்க்கும் அந்த நடு அறையின் ஒரே ஜன்னலும் அடைபட்டது. இடது கண் ஏற்கெனவே மங்கல். நல்ல பகல் வெளிச்சத்தில் படிப்பதானால் படி, இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடு என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கணவரிடம் கேட்டது ஒன்றுதான்.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த ரூம்ல கொஞ்சம் பகல் இருந்தா போதும்.”

4

மெக்கானிக் பொறுப்பான மனுஷர். வெளிச்சம் வர வேண்டும், மொட்டைமாடிச் சூடு இறங்கக் கூடாது, கரண்டும் மிச்சமாக வேண்டும் என்று நாலு கடை ஏறி இறங்கினார். விவரத்தாளில் மூன்று கண்ணாடிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள். முதல் எண், உள்ளே வரும் சூடு. அது குறைவாக இருக்க வேண்டும். இரண்டாவது எண், உள்ளே வரும் வெளிச்சம். அது கூடுதலாக இருக்க வேண்டும். அவர் வாங்கி வந்ததில் இரண்டுமே குறைவு. நூற்றில் பதினெட்டுப் பங்கு வெளிச்சம்.

கூரையை வெட்டிக் கண்ணாடியைப் பதித்தார்கள். அறை குளுகுளுவென்று ஆயிற்று. நட்டநடுப் பகலில் மழை மூட்டம் மாதிரி இருட்டு. கரண்டை மிச்சம் பிடிக்கப் போட்ட கண்ணாடிக்கு நேர் கீழே நாள் முழுக்க டியூப்லைட் எரிந்தது. அளவுக்கு வெட்டிய கண்ணாடியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கம்பெனி கையை விரித்தது. அவள் பிழைகளைத் தவறவிட ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் பதிப்பகங்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயின.

“எத்தனையோ பேர் பிழையைத் திருத்தினேன். உங்க பிழைக்கு நான் என்ன பண்றது?” என்று கேட்டாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

5

இங்கேதான் கதை நொண்டுகிறது. இத்தனை ஏச்சு வாங்கும் மனுஷர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்காக எழுதினேன்: ‘ஏனென்றால் அவர்’

விட்டுவிட்டேன். ‘ஏனென்றால் அந்த விவரத்தாளை அவர் முதலில் எடுத்துக்கொண்டு போனது’

சரி. என்னிடம்தான். “படிச்சவர் நீங்க, ஒரு பார்வை பாருங்க மச்சான்” என்று நீட்டினார். என் நாவல் அச்சுக்குப் போகிற அவசரம். எந்த எண் எதற்கு என்று நான் படிக்கவே இல்லை. “ரெண்டுமே கம்மியா இருக்கு, இதையே போட்டுடுங்க மாப்பிள்ளை” என்று மூன்றாவது கண்ணாடியைச் சுழித்துக் கொடுத்தேன். அரை நிமிஷ வேலை. அந்த நாவலுக்கு அப்போது அந்த அறையில் உட்கார்ந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அவர் இன்றுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்கு அண்ணன் என்று இருப்பது நான் ஒருவன்தான் என்று நினைத்திருப்பார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

6

முடிவு ஒன்று: நான் சொல்கிறேன், அவள் மன்னிக்கிறாள். [மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் நான் நல்லவனாக வந்தேன். கிழித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: ஏதோ சண்டையில் அவரே போட்டு உடைக்கிறார். [மாட்டார்.]

முடிவு மூன்று: கதை அச்சாகிறது. மற்ற கண்ணும் மங்கி, அவளால் இப்போது அச்செழுத்தைப் படிக்க முடியாது. வேலை முடிந்து வந்து அவர்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறார். என் கதை என்றால் ஆசையாகக் கேட்பாள். நாலாம் பகுதியில் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் ஒரு வரி விடாமல் படித்து முடிப்பார். பிறகு ஐந்தைத் தாண்டி ஆறுக்குப் போவார். ஆறிலும் எதை விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

நான் இதைத் தெரிந்தேதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். அவளை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் போய், ஐந்தாம் பகுதியை மட்டும் படித்துக் காட்டுங்கள்.