ஓடியவள் செல்வி, வியர்த்தது வீரமுத்துவுக்கு

கள்ளக்குறிச்சியில் நடந்த டெங்கு விழிப்புணர்வு ஓட்டத்தில் ஓடி முதலாவதாக வந்தவள் செந்தமிழ்ச்செல்வி. வியர்த்துக் கொட்டியது அவள் புருஷன் வீரமுத்துவுக்கு. அவன் ஓடவில்லை. நான்குமுனைச் சந்திப்பில் ஒரு பாத்திரக்கடை நிழலில் அவளுடைய பையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான். ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் நம் பக்கத்தில் அதற்கு மாரத்தான் என்றுதான் பெயர். மகளிர் குழுவிலிருந்து ஆள் அனுப்பச் சொன்னார்கள், பனியன் இலவசம் என்றார்கள், கரும்பு வெட்டுக்குப் போகிற செல்வி அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிற வீரமுத்து அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டவன். புடவைமேல் பனியனை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தவளின் நெற்றிப் பொட்டு கூடக் கலையவில்லை. இவன் சட்டையைப் பிழிந்தால் அரைச் செம்பு தண்ணீர் வந்திருக்கும். திரும்பும்போது கிக்கரை உதைக்க இவனுக்குக் காலில் தெம்பில்லை. பரிசாக வந்த குக்கரை மடியில் வைத்துக்கொண்டு இவன் பின்னால் உட்கார, வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

அதன் பிறகு சேலம், திருவண்ணாமலை, கடலூர், சென்னை என்று எங்கே ஓட்டம் வைத்தாலும் இருவரும் போனார்கள். தூரம் கூடக் கூட வீரமுத்துவுக்குத்தான் கஷ்டம் கூடியது. ஓட்டம் தொடங்கியதும் ஓரமாக ஓர் இடம் பிடித்து நிற்பான். அவள் கண்ணுக்கு எட்டாத தூரம் போன பிறகும், அவள் போன ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். மூச்சு வாங்கும், தொடை இறுகும், பாதத்தில் கொப்புளம் கிளம்பும். கால் கட்டைவிரல் நகம் கறுத்து உதிர்ந்தது. கெண்டைக்கால் திரண்டு பழைய பேண்ட்டெல்லாம் கிழிந்தது. அவன் சோறு தின்பதைப் பார்த்து ஆலை வாசலில் மெஸ் வைத்திருந்தவர் அளவுச் சாப்பாட்டுக்கு மாறினார். செல்வியோ கொஞ்சம் சதை போட்டாள். சேலத்துப் பயிற்சியாளர் ஒருவர் புகார் கொடுக்க, அதிகாரிகள் கூடிப் பேசி, ஓடுகிறவருக்குத்தான் வியர்க்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை என்று கண்டு, கோப்பையை அவளிடமே கொடுத்தார்கள். வீரமுத்துவுக்கு இதிலெல்லாம் வருத்தமே கிடையாது. சந்தோஷம்தான். பெண்டாட்டி ஓடுவதைப் பார்ப்பதைவிட அழகான காட்சி அவனுக்கு உலகத்தில் வேறு இருக்கவில்லை.

நெஞ்சில் பாரம் வைத்தது போல வலி வந்த நாளில்தான் டாக்டரிடம் போனார்கள். அவர் ஈசிஜி தாளை வெகுநேரம் பார்த்தார். "எவ்ளோ தூரம் ஓடுறீங்க?" என்று கேட்டார். "நான் ஓட்றது இல்லீங்க. நிக்கறேன்," என்றான் வீரமுத்து. செல்வி எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இனிமே நிக்காதீங்க. நின்னா உசுருக்கு உத்தரவாதம் இல்ல," என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

விழுப்புரம் ஓட்டத்துக்கு அவள் தனியாகப் போனாள். முதல்முறையாக அவளுக்கே வியர்த்தது, அவளுக்கே இரைத்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் ஓரத்தில் தேடினாள். எத்தனையோ முகம் இருந்தது, அந்த முகம் இல்லை. ரோட்டு நடுவே இருந்த சிமெண்ட் தடுப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். மறுநாளே ஓடுகிற ஷூவைப் பரண்மேல் போட்டுவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டுக்குப் போனாள். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சோறு நேரத்துக்கு ஆனது, பேச்சு மட்டும் கம்மியானது. தன் உயிர் இருப்பதால் அவள் ஓட்டம் நின்றுபோயிற்று என்பது வீரமுத்துவுக்குத் தின்கிற சோற்றில் கல் மாதிரி நெருடிக்கொண்டே இருந்தது. கல்வராயன் மலையில் மாரத்தான் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டான். அவள் பரண்மேலிருந்து ஷூவை இறக்கித் தூசி தட்டினாள். பிறகு, "நீங்க வரக்கூடாது," என்றாள். "வரல," என்று சத்தியம் பண்ணினான்.

கரியாலூரில் தொடங்கி வெள்ளிமலை போய்த் திரும்புகிற ஓட்டம் அது. முதல் ஏற்றத்திலேயே செல்விக்கு நாக்கு தள்ளியது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கலாமா என்று யோசிக்கையில் திடீரென்று கால் லேசானது, மூச்சு அடங்கியது, வழிந்த வியர்வை காய்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. சத்தியம் பண்ணின மனுஷன் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான்.

வந்தவன் ஒரு வளைவில், ஜெயம்மாள் என்கிற மலைக்காரப் பெண்ணின் பலாப்பழக் குவியலுக்குப் பின்னால் மறைந்து நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நின்ற இடத்தில் நின்றபடி அவன் மூச்சு வாங்கியதைப் பார்த்த ஜெயம்மாள், ஏதோ வேண்டுதல்காரர் என்று எண்ணி, காவடிக்காரருக்குச் செய்வது போல ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவன் காலில் ஊற்றினாள். "குடிக்க இன்னா வேணும், கூழா மோரா?" என்று கேட்டாள். பதில் சொல்ல அவள் பக்கம் திரும்பினான். நெஞ்சுப் பாரம் இறங்கியது. மறுபடி ரோட்டைப் பார்த்தான், ஏறியது. திரும்பினான், இறங்கியது. இத்தனை வருஷம் நின்றதில் வந்தது என்று நினைத்திருந்தார்கள், வந்ததெல்லாம் பார்த்ததில். "மோரே கொடும்மா," என்றான்.

வளைவில் ஏறி வந்த செல்வி அவனைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடுரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஓடுகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"வரலன்னு சொன்னீங்க இல்ல?"

"வூட்ல இருப்பு கொள்ளல புள்ள. பார்த்தாதான் வலிக்குது. திரும்பிக்கினா ஒண்ணும் இல்ல, இப்பதான் தெரிஞ்சுது."

"அப்ப திரும்பிக்கினு நில்லுங்க."

"உன்ன பாக்காம நான் இன்னாத்துக்கு இம்மாம் தூரம் வரணும்?"

"நீங்க பாக்கறீங்கன்னுதானா நான் ஓடறேன்? நீங்க இருக்கீங்கன்னு ஓடறேன். திரும்பலன்னா இங்கயேதான் குந்திக்கினு இருப்பேன்."

வீரமுத்து அவளை ஒருமுறை தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டான். இனிமேல் இது கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். பிறகு ரோட்டுக்கு முதுகைக் காட்டி, ஜெயம்மாளின் பலாமரத்தைப் பார்த்து நின்றான். பின்னால் அவள் எழுந்து, வளையலைச் சரிசெய்து, ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

வெயில் ஏறியது. எத்தனையோ கால்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கிப் போயின. எது யாருடையது என்று தெரியவில்லை. ஜெயம்மாள் ரெண்டு பழம் அறுத்து விற்று முடித்தாள். அப்போது ஒரு மூச்சுச் சத்தம் வந்தது, லோடு ஏற்றிய டிராக்டர் மேட்டில் திணறுவது போல. இத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. ஆனாலும் அது யாருடையது என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. திரும்பத் துடித்த கழுத்தைப் பல்லைக் கடித்து நிறுத்தினான். கண்ணில் நீர் கட்டியது. முதுகில் ஒரு கை பளாரென்று விழுந்தது. நனைந்த கை. சூடான கை. அது பட்டதும் மூச்சுச் சத்தம் வளைவு தாண்டிக் கீழே போய்விட்டது.

இப்போதெல்லாம் செல்விக்குப் பரிசு வருவதில்லை. கூட்டத்தில் எங்கோ நடுவில் வருகிறாள், கால் வலிக்கிறது என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு வருகிறாள். எந்த ஊர் ஓட்டத்திலும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஓர் ஆள் உண்டு என்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. தண்ணீர் கொடுப்பவர்கள் சுற்றிப்போய் அவன் முகத்துக்கு எதிரே நின்று கொடுக்கிறார்கள். அவள் தட்டிவிட்டுப் போன பிறகும், சட்டை முதுகில் பதிந்த அந்தக் கையின் ஈரம் காயும்வரை அவன் திரும்புவதில்லை.