வணக்கம் போடாத பிடி

பாத்து பாலாய் ஊரில் ஜம்ரிலும் அவன் மனைவியின் அண்ணன் தர்வீஸும் ஒரே பிடியில் ஒன்பது வருஷம் நின்றார்கள். மலைச்சாலைக்குத் தார் போட்ட வருஷம் பிடி விழுந்தது. அந்தத் தார் பெயர்ந்து மறுபடி மண்சாலையான பிறகுதான் விட்டது. இடையில் மிளகாய் இரண்டு தடவை நல்ல விலைக்குப் போனது, ஒரு தடவை ஆற்றில் கொட்டினார்கள்.

ஜம்ரில் ஆற்றில் கல் சுமக்கிறவன். கல்யாணமாகி ரோஸ்மாவின் வீட்டுக்கு வந்தவன். வீடு அவளுடையது, வயல் அவள் தாய்வழிச் சொத்து, எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று சொல்கிறவன் தர்வீஸ். தர்வீஸுக்கு ஜம்ரிலைவிட மூன்று வயது குறைவு, ஆனாலும் அங்கே அவன் பேச்சுதான் பேச்சு. ஜம்ரில் ராத்திரிக்கு வந்து படுத்து, விடிந்ததும் எழுந்து போகிற மாப்பிள்ளை. அவனுக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஆணியில் தொங்கிய ஒரு சட்டை. பெக்கான்பாரு மரத்துறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. முதலில் தான் போய் ஒரு அறை பிடிப்பது, பிறகு ரோஸ்மாவையும் மகளையும் அழைத்துக்கொள்வது. ரோஸ்மா சரி என்றாள். என் மருமகள் இந்த மண்ணை விட்டு எங்கேயும் போகமாட்டாள் என்றான் தர்வீஸ்.

ஜம்ரில் பையைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று, குறுக்கு வழியாக, சிலாட் சண்டை பழகும் களத்தின் நடுவே போனான். தர்வீஸ் கத்திப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். புலிநகம் மாதிரி வளைந்த கத்தி, பிடியில் இருக்கும் வளையத்துக்குள் விரல் நுழைந்திருந்தது.

"பையோட எங்க மச்சான், ஆத்துல கல்லு தீந்துபோச்சா?"

"கல்லு கிடக்கு. தினம் உன் மூஞ்சியில முழிக்கத்தான் தெம்பில்ல."

தர்வீஸ் குறுக்கே வந்து கத்தியை ஓங்கினான். மிரட்டத்தான் என்று பின்னால் எத்தனையோ தடவை சத்தியம் செய்தான். ஜம்ரிலின் இடது கை அவனுடைய கத்தி பிடித்த கையின் மணிக்கட்டை அமுக்கிப் பிடித்தது. தர்வீஸின் இடது கால் ஜம்ரிலின் வலது முழங்காலைப் பின்னாலிருந்து கொக்கி போட்டது. இருவரும் அதே களத்தில் படித்தவர்கள், பிடி சுத்தமாக விழுந்தது. அந்தக் களத்தில் வெறுங்கையோ ஆயுதமோ, விளையாட்டோ வினையோ, கைகூப்பி மண்ணைத் தொட்டு நெஞ்சைத் தொட்ட பிறகுதான் தொடங்குவார்கள். முடிக்கும்போதும் அதே வணக்கம். அன்றைக்கு இரண்டு பேரும் போடவில்லை. திறக்காமல் தொடங்கியதை மூட வழியில்லாமல் போயிற்று.

தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள். இரண்டு பக்கமும் எருமை கட்டி இழுத்தார்கள், எருமைகள்தான் மூச்சு வாங்கின. அக்கரையிலிருந்து வந்த ஆசான் ஒரு வெற்றிலை போடும் நேரம் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கை சும்மாதானே இருக்கிறது, இரண்டையும் சேர்த்து இப்போதாவது வணக்கம் போடுங்கள், இளையவன் முதலில் கையை நீட்டட்டும் என்று சொல்லிப் போனார். இளையவன் தர்வீஸ். அவனுக்குச் சும்மா இருந்தது இடது கை. இடது கையை நீட்டி ஒருவனை எப்படி அவமதிப்பது, அவனே வலது கையை முதலில் வைக்கட்டும் என்றான். மூத்தவன் நான், வழி மறித்தவன் அவன், நான் ஏன் வைக்க வேண்டும் என்றான் ஜம்ரில். அப்படியே நின்றது.

எதிரும் புதிருமாகப் பிணைந்திருந்ததால் ஒருவன் முன்னோக்கி நடந்தால் மற்றவன் பின்னோக்கி நடக்க வேண்டும். வயலுக்குப் போகிற வழியெல்லாம் ஜம்ரில்தான் பின்னோக்கி நடந்தான். சாலைப் பக்கம் தர்வீஸ் ஒரு எட்டுகூடப் பின்வைக்க மாட்டான். தினமும் பஸ் ஹாரன் அடிக்கும்போது ஜம்ரிலின் முதுகு சாலையைப் பார்த்திருக்கும், சட்டைப் பையிலிருந்த பஸ் சீட்டு வியர்வையில் ஊறிக் கூழாகி மறைந்தது. மச்சானின் மூச்சில் இருந்த கிராம்புச் சுருட்டு நாற்றம் அவனுக்குத் தன் மூச்சு மாதிரி ஆயிற்று. தர்வீஸின் மனைவி ஒரு வருஷம் பார்த்துவிட்டு மெடான் துணிக்காரனைக் கட்டிக்கொண்டாள். ரோஸ்மா இருவருக்கும் ஒரே தட்டில் சோறு வைத்தாள், ஜம்ரிலின் காதோரம் நின்ற கத்தியைத் துருப்பிடிக்காமல் தீட்டினாள், மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து அதிலேயே தோல் சீவினாள். "வாசல்ல ரெட்டை எருமை கட்டின வீடு எங்க வீடுதான், வழி கேக்கறவங்களுக்கு சுளுவு," என்று சந்தையில் சொல்லிச் சிரித்தாள். நாலாம் வருஷம் ஒரு மகன் பிறந்தான். நடுவில் தடித்த துணி தொங்கவிட்டிருந்தாள், ஊர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஒன்பதாம் வருஷம் நாற்று நடுகிற சமயத்தில் ஜம்ரிலின் அம்மா இறந்த செய்தி வந்தது. அவள் ஊர் ஆற்றின் கீழே, சாலையோரம். தர்வீஸ் பறித்த நாற்றை அப்படியே போட்டான். பின்னால் ஒரு எட்டு வைத்தான். சாலை வரை, பிறகு சாலையில், அவள் கபர்க்குழி வரை பின்னோக்கியே நடந்தான். குதிகால் இரண்டும் கிழிந்துவிட்டன. மண் தள்ளி முடித்ததும் இடது கையால் ஈர மண்ணைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, நீட்டினான்.

"நான்தான் இளையவன். இந்தக் கைதான் இருக்கு மச்சான். பொறுத்துக்க."

"இதச் சொல்ல ஒம்பது வருஷமாடா உனக்கு?"

"உனக்கு நல்ல கை இருந்துச்சே, நீ என்னத்தக் கிழிச்ச?"

ஜம்ரில் மண்ணைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, அந்தக் கையோடு தன் கையைச் சேர்த்தான். கத்தி புல்லில் விழுந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துபோனார்கள். அப்போது ஹாரன் கேட்டது.

"போ. வீட்ட நான் பாத்துக்கறேன்."

"ரோஸ்மாகிட்ட..."

"சொல்றேன். போய்த் தொலை, நிக்காது அது."

ஜம்ரில் ஓடி ஏறினான். இரண்டாவது வளைவு தாண்டியதும்தான் இடது கை முழுசாக மூடவில்லை என்று பார்த்தான். உள்ளே ஒரு மணிக்கட்டின் கனம் இருந்தது, அதில் நாடி துடித்தது. அவர்கள் போட்டது தொடக்க வணக்கம். முடிக்கிற வணக்கத்தை அவசரத்தில் யாரும் போடவில்லை.

மரத்துறையில் அவனை வலது தோளால் மட்டும் சுமக்கிற வரிசையில் விட்டார்கள். ஊரில் தர்வீஸ் நாற்றுப் பறிக்க உட்காரும் நேரம் இங்கே ஜம்ரிலின் முழங்கால் மடங்கும். கூட இருந்தவர்கள் பலகையை ஒரு கணம் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். போய் முடித்துவிட்டு வாயேன் என்றார்கள். போனால் அந்தக் களத்தில் மறுபடி அவன் எதிரே நிற்க வேண்டும் என்றான். அறை பிடித்தான். அறுப்பு முடியட்டும், வருகிறேன் என்று ரோஸ்மா சொல்லியனுப்பினாள். அடுத்த அறுப்புக்கும் அதையே சொல்லியனுப்பினாள்.

மாலைத் தொழுகை முடிந்ததும் அவன் கைக்குள் இருக்கும் மணிக்கட்டில் அகப்பைக் காம்பு இரண்டு தட்டு தட்டும். ஊரில் தர்வீஸின் கையில் தட்டுகிறவள் ரோஸ்மா. சாப்பிட்டாயா என்று அர்த்தம். ஜம்ரில் சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை அழுத்துவான். அங்கே தர்வீஸ் அடுப்படிப் பக்கம் திரும்பி, "தின்னுட்டானாம், எனக்குப் போடு," என்பான். அவள் போடுவாள்.