பதினேழாம் மாடிக் கதவு

பாங்காக்கின் அந்த முப்பது மாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தால், படிக்கட்டுக்குள் புகை நுழையாதபடி ஒரு ராட்சத விசிறி காற்றை அடைத்துத் தள்ளும். அதைச் சோதிக்கத்தான் சுனிசா வந்திருந்தாள். பதினேழாம் மாடியில் படிக்கட்டுக் கதவு வழக்கம்போல ஒரு கல்லுரலை முட்டுக்கொடுத்துத் திறந்து கிடந்தது. திறந்த கதவில் காற்று எப்படித் தங்கும்? எத்தனை நோட்டீஸ் ஒட்டினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எரிச்சலோடு உரலைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். படிக்கட்டுக்கு வெளியே, தாழ்வாரப் பக்கம் மண்டியிட்டு, கதவின் கீழிடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்தாள். புகை அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. விசிறி சரியாக இருக்கிறது.

எழுந்து திரும்பினால், உரலுக்குச் சொந்தக்காரி லம்யாய் கையில் சாமிக்குப் படைக்கும் சிவப்பு சோடாவோடு பவ்யமாக நின்றாள்.

"இங்க எந்தச் சாமிம்மா இருக்கு?"

"சாமியெல்லாம் இல்லக்கா. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்குறேன்."

"மறைக்காத. உரல் வச்சதுல கோவமா அதுக்கு?"

சுனிசா கொஞ்சம் யோசித்தாள். "ஆமாக்கா. கதவு தொறந்திருந்தா அதுக்கு ஆகவே ஆகாது. சோடாவையும் வழியில வைக்காதீங்க."

அடுத்த மாதம் வந்தபோது முப்பது மாடியிலும் கதவு சாத்தியிருந்தது. லம்யாய் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"சாமி இருக்குற மாடியாச்சேன்னு பதினேழாம் நம்பர்ல லாட்டரி எடுத்தேன், விழல. எவளோ கதவத் தொறந்து வச்சிருக்கா. இனிமே நானே காவல்."