மாட்டுக்குப் பின்னால் நிற்பவள்

…அசையக் கூடாது, அசைந்தால் மறுபடி விழும், போன வாரமும் இப்படித்தான், ஒரேயொரு தும்மல், தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வந்து அறைந்தான், பாவி, தூரிகையைப் பத்திரமாக வைத்துவிட்டு… ஹில்லகொண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் ஏணியில் தலைகீழாக மாடு, காலையில் வெட்டியது, தோலுரித்து, வயிற்றைப் பிளந்து, விலா மூடிக்கொள்ளாமல் குறுக்கே குச்சி கொடுத்து விரித்திருந்தது, வாளியில் ரத்தம் இன்னும் சொட்டியது. நவம்பர் வந்தால் ஆம்ஸ்டர்டாமில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று தொங்கும், குளிர்காலத்துக்கு உப்பில் ஊறப்போட. இங்கே மட்டும் அது படத்துக்கு நிற்கிறது, கூடவே இவளும்.

"மாட்டைப் பாருடி, உன்னைவிட ஒழுங்கா நிக்குது," என்றான் அவள் கணவன் மகியெல்.

"அதை ஒரே வெட்டுல முடிச்சிட்டாங்க, நிக்காம என்ன பண்ணும்?"

சிரித்தான். சன்னலின் கீழ்ப்பாதியை அடைத்து, மேல்பாதி வழியாக மட்டும் வெளிச்சத்தை இறக்கியிருந்தான். வண்ணம் அரைப்பவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா, வெளிச்சத்துக்கு ஈய வெள்ளையை வெண்ணெய்போல அப்புவான், இருட்டுக்கு எலும்புக் கரியை எண்ணெயில் நீர்க்கக் கரைத்துப் பூசுவான், தடித்தது முன்னால் வரும், மெலிந்தது பின்னால் போகும், அவ்வளவுதான்… ஊரே புகழ்கிற அந்த இருட்டுக்குள் எத்தனை முறை இந்த வலது கன்னத்தை மூடி வைத்திருக்கிறான்? ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கத் திருச்சபை மூப்பர் வருகிறார். போன முறை அவர் கேட்டபோது படிக்கட்டில் விழுந்தேன் என்றாள், ஏன் அப்படிச் சொன்னாள்? இவன் பக்கத்திலேயே நின்றான், அதனால்தான். கன்னத்தை அவர் பார்த்தால் சபை விசாரிக்கும், இவனை விட்டு அக்கா வீட்டுக்குப் போகச் சம்மதம் கிடைக்கும். இந்த முறை இவளை மாடியில் வைத்துப் பூட்டிவிடுவான். படத்தைப் பூட்டுவானா?

ஓரடி முன்னால் எடுத்து வைத்தாள். வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. தூரிகையின் சத்தம் நின்றது, கீழே வைக்கப் போகிறான், பற்களைக் கடித்துக் கண்களை மூடினாள்…

"அங்கேயே நில்லு! அடடா, அந்த மஞ்சள்… ஓரத்துல பச்சை வேற… தாடையைத் தூக்குடி."

தூரிகை மறுபடி உரசியது. சீட்டியடித்தபடி, கன்னத்தில் பதிந்ததை ஒவ்வொரு விரலாக எழுதினான், அவள் அரைத்து ஈய வெள்ளையில் குழைத்துக் கொடுத்த காவியிலேயே. யாருடைய விரல்கள் என்று இவனுக்குத் தெரிகிறதா, இல்லை, அடிக்கும்போதும் இப்படி நிறத்தைத்தான் பார்த்தானா… ஈய வெள்ளை இரண்டு நாளில் தோல் கட்டும், அப்புறம் மேலே கரியைப் பூசினாலும் மேடு மேடாகத் தெரியும், இன்று வெள்ளிக்கிழமைதானே?