திருப்பித் தர முடியாத பதக்கம்

கணவர் டிராவுகோட்டை விஷக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்த லீனா ஹெல்பிக், கல்லறை மண் காய்வதற்குள் அவருடைய பதக்கத்தைத் திருப்பித் தரப் புறப்பட்டாள். பெற்றவர் இறந்துவிட்டால் அது அரண்மனைக்கே போய்ச் சேர வேண்டும் என்பது விதி. கற்பலகை வெட்டும் சுரங்கம் சரிந்தபோது இரண்டு பேரை உயிரோடு மீட்டதற்காக அந்தச் சிறு நாட்டை ஆண்ட இளவரசர் கொடுத்த வெள்ளிப் பதக்கம். உள்ளே சிக்கிய மூன்றாவது ஆள் டிராவுகோட்டின் தம்பி. அவனைப் பிணமாகத்தான் எடுக்க முடிந்தது. அதனால் டிராவுகோட் அதை ஒருநாளும் சட்டையில் குத்திக்கொள்ளவில்லை.

காய்ச்சல் லீனாவையும் ஒரு சுற்று படுக்கையில் தள்ளியிருந்தது. நவம்பர் சேற்றில் அங்கங்கே உட்கார்ந்து இளைப்பாறி நடந்தாள்.

அரண்மனை வாசலில் காவலில்லை. அலுவலகத்தில் கரியில்லாத கணப்பின் பக்கத்தில், மேல்கோட்டைக் கழற்றாமல் கிழட்டு எழுத்தர் சீபெல் மட்டும் இருந்தார்.

"என்னம்மா வேணும்?"

"வீட்டுக்காரர் தவறிட்டாருங்க. இத ஒப்படைக்கலாம்னு வந்தேன்."

"யாருகிட்ட?"

"இளவரசர்கிட்டதான்."

"நாடெல்லாம் கலகம், அவரு நேத்தே பதவிய விட்டு எறங்கிட்டாரும்மா. உங்க ஊருக்குச் சேதி வரலியா?"

"அப்போ நீங்க?"

"நாற்காலிய இன்னும் யாரும் கேக்கல. அதான் உக்காந்திருக்கேன்."

அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. "நீங்களாவது வாங்கிக்கோங்களேன். இது வீட்ல இருக்கறதே பாரங்க."

"வாங்கி எங்க வைக்க? நாளைக்கு எவன் பைக்குப் போகுமோ! பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு பொண்ணுங்க."

"என்ன சாப்பிடுதுங்க?"

"டர்னிப் கிழங்குதான். வேற என்ன கெடைக்குது?"

"வெள்ளிம்மா அது. எடுத்துட்டுப் போ. விதி போட்டவங்களே போயாச்சு."

திரும்பும் வழியில் ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினாள். பண்ணைக்காரி ஹுல்டா பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இளவரசரே ஓடிட்டாரு, இத வச்சு நான் என்ன பண்ண? மாட்டுக் கழுத்துல கட்டவா?"

"வெள்ளி அக்கா."

"அரை மூட்டை உருளைக்கிழங்கு. அதுக்கு மேல கேக்காத."

பேரம் பேச லீனாவால் முடியவில்லை. தலையாட்டினாள்.

"புருஷன் வாங்குனதாச்சே, மனசு வருதா?" என்றாள் ஹுல்டா, கிழங்கை அள்ளிப் போட்டுக்கொண்டே.

அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று லீனாவுக்கே தெரியவில்லை. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பதக்கத்தை விட மூட்டை எவ்வளவோ கனம். இருந்தும் மனதுக்கு அது லேசாக இருந்தது. முதுகுதான் நொந்தது.

வீட்டில் மகள்கள் இருவரும் கிழங்கைத் தோலோடு வேகவைத்து உப்புத் தொட்டுத் தின்றார்கள். சின்னவள் இன்னொன்று கேட்டாள். லீனா ஒன்றை ஊதி ஆற வைத்து அவளிடம் நீட்டிவிட்டு, மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.