தலைவர் விதைத்த கம்பு

புது விவசாயிங்களைக் கைதூக்கி விடறோம்னு ஒரு ட்ரஸ்ட்டு விழுப்புரத்துல மூணு நாள் பயிற்சி வெச்சுது. நானும் போனேன். பாண்டிச்சேரி கம்பெனியில எட்டு வருஷம் பாட்டிலுக்கு மூடி போட்டுக்கினு இருந்தேன். கம்பெனியவே இழுத்து மூடிட்டாங்க. எங்க ஊரு கெடார்ல அம்மா எழுதி வெச்ச ஒரு ஏக்கராதான் மிச்சம். கம்பு போட்டாச்சும் கரையேறலாம்னு பாத்தேன்.

பயிற்சி குடுத்தவரு ஜெகதீசன் சாரு. மொத நாளே திரையில பெருசா 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு போட்டு, எல்லாரையும் மூணு தபா சொல்ல வெச்சாரு. வெத கம்பு ட்ரஸ்ட்டே குடுக்கும்னாரு.

ஆடி கடைசியில நல்ல மழை. ஏர் ஓட்டி வெச்ச மண்ணு பதமா இருந்துச்சு. ஜல்தியா சாருக்கு போன் அடிச்சேன். "சார், வெத கம்பு குடுங்க."

"அவசரப்படாதம்மா இளவரசி. உன் நெலத்துல நம்ம ட்ரஸ்ட்டு தலைவர் கையாலதான் மொத வெத. அவருக்கு வர்ற வாரம் வெள்ளிக்கிழமைதான் டேட்டு."

"அதுக்குள்ள ஈரம் காஞ்சிடுமே சார்?"

"அதை நான் போயி தலைவர்கிட்ட சொல்ல முடியுமா?"

வந்துச்சே எனக்கு ஆத்திரம்! மழைக்கு இவங்க பத்திரிகை அடிச்சா அனுப்புனாங்க? கடையில ரெண்டு கிலோ வாங்கியாந்து அன்னிக்கே வெதச்சேன். தப்பிப் போச்சுன்னா மறுபடியும் எவன் கம்பெனி வாசல்ல நிக்கறதுன்னு பயந்தேன்.

வெள்ளிக்கிழமை பந்தல்காரனோட வந்த சாரு, நெலம் பூரா முளைச்சிருந்ததைப் பாத்துட்டு தலையில கைய வெச்சுக்கினாரு. "இன்னாம்மா, தலைவர் எங்க வெதைப்பாரு?"

பக்கத்துல வெள்ளைக் கல்லு நட்ட வீட்டு மனை. அங்கியே ரிப்பன் கட்டிட்டாங்க. தலைவர் ஷூவோட நின்னு, அட்சதை போடறாப்பல ஒரு பிடி கம்பைத் தூவி போட்டோ எடுத்துக்கினாரு. கார் ரோடு ஏறறதுக்குள்ள மைனாவுங்க பந்தியை முடிச்சுதுங்க.

ரெண்டு மாசம் கழிச்சு சாரு போன் அடிச்சாரு. "உன் நெலம் முளைக்கவே இல்லேன்னு ரிப்போர்ட்டு வந்திருக்கும்மா. மறுபடியும் பயிற்சிக்கு வரணும். இந்தத் தபா நம்ம 'மாதிரி வயல்'லியே பயிற்சி. விழுப்புரம் வந்துடு."

அடப்பாவிங்களா! கேட்டுடலாம்னு போனேன். புது ஆளுங்க முப்பது பேரோட வேன்ல ஏத்திக்கினு வந்து எறக்குனாங்க பாரு, என் வரப்புலியே! கம்பு ஆள் ஒசரம் கதிர் தள்ளி நிக்குது. முன்னால புதுசா ஒரு போர்டு: 'தலைவர் விதைத்த மாதிரி வயல்.' நான் பெத்த புள்ளைக்கு இவங்க இனிஷியலு.

"சார், இது என் நெலம்!"

"தெரியும்மா. ரிப்போர்ட்டுல உன் நெலம் பக்கத்து மனை. உக்காரு."

பயிர் தவறுனவங்களுக்குன்னு தனியா சேர் போட்டிருந்தாங்க. அதுல நான் மட்டும்தான்.

"டவுட்டு இருந்தா கேளுங்க"ன்னாரு சாரு.

ஒரு பொம்பள எழுந்து, "எப்ப சார் வெதைக்கணும்?"ன்னா.

சாரு தொண்டையைச் செருமறதுக்குள்ள நான் போயி போர்டைப் புடுங்கி வரப்புல கெடாசுனேன்.

"மழை பேஞ்ச அன்னிக்கு வெதைம்மா. தலைவர் வர்ற அன்னிக்கு இல்ல."

முப்பது பேரும் நோட்டுல எழுதிக்கினாங்க.